குடல் தமனி அடைப்பு: சிகிச்சையின் வரலாறு

சிறுகுடலின் பெரும்பகுதிக்கும் பெருங்குடலின் முற்பாதிக்கும் இரத்தம் கொண்டு செல்வது மேல் குடல் தமனி ஆகும். வயிற்றில் நேரும் அவசர நோய்களுள் மிகக் கொடியவற்றில் ஒன்று, இத்தமனி திடீரென அடைபடுவது. மாரடைப்பும் பக்கவாதமும் போலவே இதுவும் இரத்த ஓட்டம் நின்றுபோவதால் வருகிறது. ஆயினும் அவற்றுக்கு உள்ளது போன்று மக்கள் நாவில் பழகிய பெயர் எதுவும் இதற்குத் தமிழில் இல்லை. மருத்துவமனைக்கு வருபவர் "வயிற்றுவலி" என்றுதான் சொல்கிறார். இந்நோய்க்கான சிகிச்சையின் வரலாற்றில், கத்தி பிடித்த கைகள் கற்றதைவிட, அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருப்பதை உரிய நேரத்தில் அறிந்துகொள்ள எடுத்த முயற்சியே பெரிது.

அடைப்பின் இயல்பு

ஓய்வில் இருக்கும் உடலில், இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குடல் முதலிய செரிமான உறுப்புகளுக்குச் செல்கிறது. மேல் குடல் தமனி பெருந்தமனியிலிருந்து கீழ்நோக்கிச் சாய்ந்து பிரிவதால், இதயத்திலிருந்து வரும் இரத்தக்கட்டி எளிதில் அதற்குள் நுழைந்துவிடும். திடீர் அடைப்புகளில் ஏறத்தாழ பாதி இவ்வாறு நேர்பவை. மற்றவற்றில், கொழுப்புப் படிந்து குறுகிய தமனியில் அங்கேயே இரத்தம் உறைவது ஒரு வகை. தமனி அடைபடாமல் இறுக்கத்தால் சுருங்கி ஓட்டம் குறைவது இன்னொரு வகை.

இரத்தம் நின்றதும் முதலில் சாவது குடலின் உட்படலம். வெளியுறை சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஆகவே நோயாளி வலியால் துடித்தாலும், மருத்துவர் அழுத்திப் பார்க்கும்போது வயிறு மென்மையாகவே இருக்கும். சாதாரண எக்ஸ்ரே படத்திலும் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். வயிறு பலகைபோல் இறுகும்போது குடல் பெரும்பாலும் அழுகத் தொடங்கியிருக்கும். முழு அடைப்பில் சுமார் 6 மணி நேரத்துக்குள் சேதம் மீட்க முடியாததாகிவிடும் என்பது பொதுவான கணக்கு.

பிணக்கூறாய்வில் தெரிந்த நோய்

15ஆம் நூற்றாண்டில் ஃப்ளாரன்ஸ் நகரில் வாழ்ந்த அந்தோனியோ பெனிவியேனி இந்நோயை முதலில் விவரித்தவராகக் குறிப்பிடப்படுகிறார். இறந்தோரின் உடலை அறுத்துப் பார்த்து எழுதிய குறிப்புகள் அவருடையவை. இரத்தக்கட்டி ஓரிடத்தில் உருவாகி, ஓட்டத்தோடு சென்று வேறோரிடத்தில் சிக்குகிறது என்பதை 1840களில் ஜெர்மனியின் ருடால்ஃப் விர்கோ தெளிவாக்கினார். 1875இல் மோரிட்ஸ் லிட்டன் நாய்களின் குடல் தமனியைக் கட்டிவைத்துச் சோதித்தார். பக்கத்துத் தமனிகளோடு இணைப்பு இருந்தும், திடீரென அடைத்தால் குடல் செத்துவிடுகிறது என்பது அதில் புலப்பட்டது.

1895இல் பாஸ்டன் அறுவை மருத்துவர் எலியட், அழுகிய குடற்பகுதியை வெட்டி நீக்கி ஒரு நோயாளியைப் பிழைக்கவைத்த செய்தியை வெளியிட்டார். அதன்பின் அரை நூற்றாண்டு வரை கையில் இருந்தது அந்த ஒரு வழிதான். 1926இல் லண்டனில் காக்கினிஸ் எழுதிய நூல், இந்நோயின் முன் மருத்துவர்கள் கொண்டிருந்த அவநம்பிக்கையைப் பதிவு செய்கிறது. அந்த அவநம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. செத்த குடலை வெட்டலாம். சாகவிருக்கும் குடலுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு அன்று விடையில்லை.

கட்டியை எடுக்கும் கலை

விடை இரண்டு பக்கங்களிலிருந்து வந்தது. ஒன்று ஹெபாரின். 1916இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மாணவராயிருந்த ஜே மெக்லீன் கண்ட பொருளிலிருந்து தொடங்கி, 1930களின் பிற்பகுதியில் டொரண்டோவிலும் ஸ்டாக்ஹோமிலும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தாக அது நோயாளிகளை எட்டியது. மற்றொன்று, தமனியையே திறந்து கட்டியை எடுக்கும் துணிவு. கனடாவின் வின்னிபெக் நகரில் கிளாஸ் என்னும் மருத்துவர் செய்த அத்தகைய அறுவை பற்றிய கட்டுரை 1951இல் வெளிவந்தது. நோயாளி பின்னர் இதயம் செயலிழந்து இறந்தார். ஆனால் அவருடைய குடல் உயிரோடு இருந்தது. தோல்வி போலத் தோன்றினும், குடலை மீட்க முடியும் என்பதற்கு அதுவே சான்றாயிற்று. 1957இல் பாஸ்டனில் ஷா, ரட்லெட்ஜ் இருவரும் இதே முறையில் வெற்றி கண்டதை அறிவித்தனர்.

அடுத்து வந்தவர் தாமஸ் ஃபோகார்ட்டி. சின்சினாட்டி மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்த்தபோது, கட்டியை எடுக்க நீண்ட நேரம் அறுத்தும் நோயாளிகள் இறப்பதைக் கண்டவர். மெல்லிய குழாயின் நுனியில் அறுவைக் கையுறையின் விரல் துண்டைப் பலூனாகக் கட்டினார். தூண்டிலுக்குப் பூச்சி உருக்கள் கட்டிப் பழகிய கை அது. சுருங்கிய பலூன் கட்டியைக் கடந்து உள்ளே போகும்; பின் ஊதி இழுத்தால் கட்டி வெளியே வந்துவிடும். 1963இல் வெளியிடப்பட்ட இக்கருவி இன்றும் குடல் தமனி அறுவையில் பயன்படுகிறது.

பிழைத்தவர் எப்படி உண்பார் என்பது தனிச் சிக்கல். குடலின் பெரும்பகுதியை இழந்தவர் சோறு தின்றும் பட்டினிதான். 1968இல் அமெரிக்காவின் ஸ்டான்லி டட்ரிக் குழுவினர் முழு ஊட்டத்தையும் நரம்பு வழியே செலுத்தும் முறையை நிலைநாட்டினர். 1970களில் நியூயார்க்கின் ஸ்காட் போலி, சந்தேகம் எழுந்தவுடனே தமனிக்குள் சாயம் செலுத்திப் படம் எடுத்து, அதே குழாய் வழியாகப் பாப்பவெரின் மருந்தைச் செலுத்தித் தமனியின் இறுக்கத்தைத் தளர்த்தினார். பத்துக்கு ஏழு, எட்டுப் பேர் இறந்துகொண்டிருந்த நோயில், அவருடைய நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் பிழைத்தனர். அவர் புதிய அறுவை எதையும் கண்டுபிடிக்கவில்லை. காத்திருப்பதை நிறுத்தினார், அவ்வளவே.

அந்த வேலையை இன்று சி.டி. ஆஞ்சியோ சில நிமிடங்களில் செய்கிறது. சிறுநீரகத்துக்குத் தீங்கு வருமோ என்று சாய மருந்துக்கு அஞ்சித் தள்ளிப்போடும் வழக்கம் முன்பு இருந்தது. சந்தேகம் இருந்தால் தாமதிக்கக் கூடாது என்பதே இன்றைய வழிகாட்டுதல். தொடை அல்லது கைத் தமனி வழியே குழாய் செலுத்திக் கட்டியை உறிஞ்சுவதும், ஸ்டென்ட் பொருத்துவதும் வந்துவிட்டன. ஆயினும் குடல் அழுகிவிட்டால் வயிற்றைத் திறந்தே ஆக வேண்டும். எந்தப் பகுதி தேறும் என்று உறுதியாகத் தெரியாதபோது, ஒன்றிரண்டு நாளில் மீண்டும் திறந்து பார்ப்பதும் உண்டு. பாரிஸ் அருகே போஜோன் மருத்துவமனையில் 2016 முதல் இந்நோய்க்கென்றே 24 மணி நேரமும் இயங்கும் பிரிவு உள்ளது.

தமிழ்நாட்டில்

இங்கே இரத்தக்கட்டியின் பிறப்பிடங்களில் ஒன்று, சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் சுருங்கிய மைட்ரல் வால்வு. இதய மேலறை நடுங்கி, இரத்தம் தேங்கி உறைந்து, ஒருநாள் மூளைக்கோ காலுக்கோ குடலுக்கோ போய்ச் சேரும். அவ்வகையில், 1948இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த ரீவ் பெட்ஸ் தொடங்கிய நெஞ்சறுவைப் பிரிவும் இந்த வரலாற்றில் சேரும். வால்வைச் சரிசெய்வது கட்டி உருவாவதையும் குறைக்கிறது. குடல் அறுவையைத் தனித்துறையாக வளர்த்ததில் சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் என். ரங்கபாஷ்யத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

மாவட்டத் தலைநகரங்களில் நிலைமை வேறு. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. அதன் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. நகரின் கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் உயிரிழந்தது முற்றிலும் வேறு காரணத்தால் நேர்ந்த துயரம். ஆனால் அவர்களில் பலரும் வயிற்றுவலி, வாந்தி என்றே வந்தனர். மெத்தனால் நஞ்சிலும் குடல் சாவிலும் இரத்தத்தில் அமிலம் கூடும். இரண்டிலும் சிகிச்சைக்கான நேரம் மணிக்கணக்கில்தான். அன்று பாதிக்கப்பட்டோரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்சுகள் சேலத்துக்கும் விழுப்புரம் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஓடின. தமனி அடைப்புக்கு உயர் சிகிச்சை தேவைப்படுபவரும் அதே சாலைகளில்தான் போக நேரிடும். சேலம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஜிப்மர் அதற்கும் மேல். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வருபவர், கச்சிராயப்பாளையம் வழியாக மலையிறங்கி வரும் நேரத்தையும் இதே 6 மணிக்குள் அடக்க வேண்டும். ஊரில் கஷாயம் குடித்துப் பார்த்த இரவு, வாயுத் தொல்லை என்று ஊசி போட்ட காலை ஆகியவையும் அந்தக் கணக்கில்தான் கழியும்.

ஆகவே முதல் முடிவு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுக்கப்படுகிறது. அங்கே சி.டி. இல்லை. ஆனால் திடீரென வந்த தாங்க முடியாத வலி, அதற்குப் பொருந்தாத மென்மையான வயிறு, விரலில் ஒழுங்கின்றித் துடிக்கும் நாடி அல்லது பழைய இதய நோய் ஆகியவற்றைக் கருவியின்றியே அறியலாம். இவை சேர்ந்து காணப்பட்டால், பரிந்துரைச் சீட்டில் "வயிற்றுவலி" என்பதோடு "குடல் தமனி அடைப்பு ஐயம்" என்றும் எழுதி, சி.டி. ஆஞ்சியோ உள்ள மருத்துவமனைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி அனுப்புவது வழக்கத்தில் வர வேண்டியதாகும்.