ஸ்கூட்டாரி வைத்தியசாலையும் தாதியரின் ஆயத்தமும்

பேரிடர் வந்துற்ற காலத்து நோயாளரைக் காக்க முற்படும் தாதியர்க்கு வேண்டுவன இரண்டு. ஒன்று துணிவு, மற்றொன்று பயிற்சியால் வரும் ஆயத்தம். முன்னது இருப்பின் பின்னது தானே வரும் எனப் பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று என்பதைக் கிரிமியப் போர்க்கால வரலாறு தெளிவுறக் காட்டும். விளக்கேந்தி இரவில் நோயாளரிடையே உலாவிய புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் கதையைச் சிறுவரும் அறிவர். ஆயினும், அவ்விளக்கின் ஒளி படாத மூலைகளும் அக்கதையில் உள.

1854ஆம் ஆண்டிலே ரஷியரோடு பொருத பிரித்தானியப் படையில் நோயுற்றோரும் காயமுற்றோரும் கருங்கடலைக் கடந்து ஸ்கூட்டாரிக்குக் கொண்டுவரப்பட்டனர். இன்று இஸ்தான்புல் நகரின் பகுதியாயுள்ள அவ்விடத்தில், துருக்கியரின் படைவீடொன்று வைத்தியசாலையாக்கப்பட்டிருந்தது. ஆங்குற்ற அவலத்தை இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை வெளியிட, மக்கள் வெகுண்டனர். போர்ச் செயலாளர் சிட்னி ஹேர்பேட் ஒக்டோபர் 15ஆம் நாள் அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். 21ஆம் நாள் அம்மையார் 38 மகளிரோடு புறப்பட்டுவிட்டார். ஆறே நாளில் திரட்டிய கூட்டம்! இவர்களுள் 14 பேர் வைத்தியசாலைகளில் ஊழியம் செய்தவர்கள். ஏனையோர் சமயச் சபைகளைச் சார்ந்தவர்கள். அம்மையார்தாமும் 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வேர்த் என்னுமிடத்தில் ஏறக்குறைய மூன்று மாதமே பயின்றிருந்தார்.

நவம்பர் 4ஆம் நாள் அவர்கள் ஸ்கூட்டாரியை அடைந்தனர். இன்கர்மன் போர் மறுநாளே நிகழ்ந்தது. படை வைத்தியரோ இம்மகளிரை விரும்பினாரல்லர். வைத்தியர் அழைக்கும்வரை எவரும் நோயாளரைத் தொடலாகாது என அம்மையார் கட்டளையிட்டு, அவர்களை மெத்தைக்கு வைக்கோல் திணிக்கவும் துணி தைக்கவும் வைத்தார். துடிக்கும் கைகளை அடக்கிக் காத்திருந்த இச்செயலையே, விளக்கேந்திய செயலினும் அரியதென யான் மதிப்பேன். சில நாட்களில் காயமுற்றோர் திரள்திரளாக வந்திறங்கவே, வைத்தியர் தாமே அழைத்தனர்.

பின்னர் உணவு சீர்பெற்றது, துணிகள் வெளுக்கப்பட்டன, காயங்கள் கட்டப்பட்டன. ஆயினும் மரணம் குறையவில்லை, மாரிகாலத்தில் ஏறியது. 1855 பெப்ரவரியில் நோயாளருள் நூற்றுக்கு 42 பேரளவில் இறந்தனர். காயத்தினும் வயிற்றோட்டமும் காய்ச்சலுமே பெரும்பாலோரைக் கொன்றன. கட்டடத்தின் கீழே கழிநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. நச்சுக்காற்று அறைகளில் நிறைந்தது. தாதியர் இரவு பகலாய் உழைத்தது அந்நிலத்தின்மேலேயே. அவர்களின் அன்பிற் குறையில்லை. காலடியில் இருந்த பகையை அறிதற்கு வேண்டிய கல்வியே இல்லாதிருந்தது. இதற்கு அவர்களைக் குறைகூறல் நீதியன்று. அன்றைய வைத்தியருட் பலரும் அதனை அறிந்தாரல்லர்.

மார்ச்சு மாதத்திலே சுகாதார ஆணைக்குழுவினர் வந்தனர். வைத்தியரான ஜோன் சதர்லன்ட், பொறியியலாளரான றொபேட் றோலின்சன் ஆகியோர் இக்குழுவில் இருந்தனர். கால்வாய்கள் கழுவப்பட்டன, சுவர்களுக்குச் சுண்ணாம்பு தீற்றப்பட்டது, காற்றுக்கு வழி திறக்கப்பட்டது, குப்பை வண்டி வண்டியாய் அகற்றப்பட்டது. யூன் மாதத்தில் மரணம் நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது.

நாடு திரும்பிய அம்மையார், புள்ளிவிவர அறிஞர் வில்லியம் பார் என்பவரோடு கூடி மரணக் கணக்குகளை ஆராய்ந்தார். தம் கண்முன் மாண்டவருட் பலர் தடுத்திருக்கக்கூடிய காரணங்களால் மாண்டனர் என்பதை அக்கணக்குகள் அவருக்கே உணர்த்தின. நாடு முழுவதும் தம்மைப் புகழ்ந்துகொண்டிருந்த வேளையில், தாம் பணிபுரிந்த வைத்தியசாலையின் மரணக் கணக்கை மறையாது வரைபடமாக்கி 1858இல் அவர் அச்சிற் கொணர்ந்தார்.

மக்கள் அவர் பெயரால் திரட்டிய நிதியைக்கொண்டு, 1860இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையிலே தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கப்பட்டது. பயிற்சிக்காலம் ஓராண்டு. காயங்கட்டலும் படுக்கை விரித்தலும் மட்டுமன்றி, அறைக்குத் தூய காற்று வரச் செய்தலும், நோயாளரின் நாடி, தோல், பசி முதலியவற்றை உற்றுநோக்கிக் கூறலும் மாணவியர் கற்கவேண்டியனவாக விதிக்கப்பட்டன.