வீட்டுக் காப்பியின் வரலாறு: கொட்டை, வறுவல், வடிப்பு

காப்பிக்கொட்டையைத் தேர்ந்து வாங்கி, வறுத்து, அரைத்து, டிகாக்‌ஷன் வடித்துப் பாலில் கலந்து குடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டு நடுத்தர வர்க்க வீடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, அடுத்த சில பத்தாண்டுகளில் வேரூன்றியது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு வீட்டில் பாதி பீபெரி, பாதி பிளாண்டேஷன் ஏ. இன்னொரு வீட்டில் ரொபஸ்டா கலந்த பொடி. ஒருவர் சிக்கரியே கூடாது என்பார்; மற்றொருவர் சிக்கரி இல்லாவிட்டால் காப்பிக்குக் கனம் இல்லை என்பார். தனிப்பட்ட நாக்கின் விருப்பமாகத் தோன்றும் இந்தக் கணக்குகளை ஏற்றுமதி வணிகம், செடி நோய், உலகப்போர், அரசுச் சட்டம், வீட்டுப் பெண்களின் உழைப்பு ஆகியவை சேர்ந்து உருவாக்கின. அந்த வரலாற்றை இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது.

தோட்டமும் ஏற்றுமதியும்

பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதான் என்னும் சூஃபி ஞானி ஏமன் நாட்டிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் நட்டார் என்பது மரபு. பெருந்தோட்டப் பயிராகக் காப்பி பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் காலத்தில். மைசூர், குடகு, வயநாடு, நீலகிரி, ஏற்காடு ஆகிய பகுதிகளில் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. இலங்கையின் மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் கங்காணிகள் வழியாகக் கொண்டுசெல்லப்பட்டனர்.

இந்தக் காப்பி உள்நாட்டு அடுப்புக்காகப் பயிரிடப்பட்டதன்று. தோட்டங்களில் விளைந்த கொட்டை கோயம்புத்தூர், மங்களூர் போன்ற ஊர்களின் ஆலைகளில் தோல் நீக்கித் தரம் பிரிக்கப்பட்டுக் கப்பலேறியது. அளவு பெரிதாகவும் சீராகவும் இருந்தவைக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தது.

1869ல் இலங்கையில் காப்பி இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அத்தீவின் காப்பித் தொழில் ஏறத்தாழ அழிந்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. தென்னிந்தியத் தோட்டங்களும் அடிவாங்கின. நோயைத் தாங்கும் ரகங்களுக்கான தேடல் அப்போது தொடங்கியது. நோயைத் தாங்கி, தாழ்வான நிலத்திலும் விளையும் ரொபஸ்டா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் 1940களில் வெளியிட்ட எஸ்.795 என்னும் அராபிகா ரகம் இன்றும் இந்தியாவில் பரவலாகப் பயிரிடப்படுகிறது. இன்றைய வீட்டுக் காப்பியில் உள்ள அராபிகா, ரொபஸ்டா கலவைக்கு இந்நோயும் ஒரு காரணம்.

வீட்டுக்குள் வந்த காப்பி

காலையில் பழைய சோறும் நீராகாரமும் உண்ட சமூகத்தில் காப்பி எளிதாக ஏற்கப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் இதழ்கள் காப்பியை உடல்நலத்தைக் கெடுக்கும் அந்நியப் பழக்கமாகக் கண்டித்தன. பெண்கள் காப்பிக்கு அடிமையாவதாகத் தனியே குறை கூறப்பட்டது. இந்த எதிர்ப்பையும் அதை மீறிக் காப்பி பெற்ற செல்வாக்கையும் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற ஆய்வில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

அரசு அலுவலகம், பள்ளி, ரயில் என்று கடிகார நேரத்துக்கு மாறிய வாழ்க்கைக்குக் காப்பி பொருந்தியது. தேநீர் உழைக்கும் மக்களின் பானமாகப் பரவியபோது, காப்பி நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமணக் குடும்பங்களின் அடையாளமாகியது. காப்பி கிளப்புகளில் சாதிப் பிரிவினை இருந்தது. ‘பிராமணாள்’ என்ற பெயர்ப்பலகைக்கு எதிராகப் பெரியார் 1957ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் நடத்திய போராட்டம் அதன் தொடர்ச்சி. எந்தக் காப்பி, யார் கையால், எந்தப் பாத்திரத்தில் என்பவை சுவையோடு சாதியையும் தகுதியையும் சுட்டும் கேள்விகளாக இருந்தன.

கொட்டையின் பெயர்கள்

காப்பிப்பொடிக் கடையில் இன்றும் வழங்கும் பெயர்கள் தரம்பிரிக்கும் ஆலைகளிலிருந்து வந்தவை.

பழத்தின் சதையை நீக்கி, நீரில் கழுவி உலர்த்திய அராபிகா ‘பிளாண்டேஷன்’ எனப்படும். பழத்தை முழுதாகவே வெயிலில் உலர்த்திப் பின் தோல் நீக்கியது ‘செர்ரி’. பிளாண்டேஷன் கொட்டைகள் சல்லடையில் சலிக்கப்பட்டு ஏ, பி, சி என்று அளவால் பிரிக்கப்படும். ஆகவே ஏ என்பது கொட்டையின் பருமனைக் குறிப்பது. அதுவே சுவைக்கான சான்றாகாது.

காப்பிப் பழத்தில் வழக்கமாக இரண்டு விதைகள் ஒன்றை ஒன்று ஒட்டித் தட்டையான பக்கத்துடன் இருக்கும். சில பழங்களில் ஒரு விதை மட்டும் உருண்டையாக வளரும். இதுவே ‘பீபெரி’. உருண்டையாக இருப்பதால் வறுக்கும்போது எளிதில் புரண்டு, எல்லாப் பக்கமும் சீராக வறுபடும் என்பது காப்பிப் பிரியர்கள் அதற்குக் கூறும் முக்கியக் காரணம்.

ரொபஸ்டாவில் காஃபீன் அராபிகாவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. கசப்பும் கனமும் கூடுதல், விலை குறைவு. பாலும் சர்க்கரையும் சேர்த்த பின்னும் காப்பியின் சுவை அமுங்காமல் நிற்க வேண்டுமானால் கொஞ்சம் ரொபஸ்டா தேவை என்று கருதுவோர் உண்டு.

வறுப்பும் அரைப்பும்

வறுக்காத பச்சைக்கொட்டை பல மாதங்கள் கெடாது. வறுத்த கொட்டை சில வாரங்களில் மணம் இழக்கும். அரைத்த பொடி காற்றுபடும் பரப்பு மிகுதியால் இன்னும் விரைவாக மணம் இழக்கும். காற்றுப்புகாத பொட்டலங்கள் இல்லாத காலத்தில் பச்சைக்கொட்டையை மொத்தமாக வாங்கி, வேண்டியபோது வறுத்து, அன்றன்றைக்கு அரைப்பதே நல்ல காப்பிக்கு வழியாக இருந்தது.

வறுப்பதற்கு இரும்பு வாணலி பயன்பட்டது. வசதியான வீடுகளில் கரியடுப்பின் மேல் கையால் சுழற்றும் உருளை இருந்தது. அரைப்பதற்கு மேசை விளிம்பிலோ பலகையிலோ திருகிப் பொருத்திய கைச்சுற்று இயந்திரம். கொட்டை பச்சையிலிருந்து மஞ்சளாகி, பழுப்பாகி, வெடிக்கும் ஒலி எழுப்பும். அதன் பின் சில நிமிடங்களில் பதம் முடிவாகிவிடும். முன்னரே இறக்கினால் புளிப்பும் பச்சை வாடையும் நிற்கும். தாமதித்தால் கரிந்த கசப்பு. வெப்பமானி இல்லாமல் நிறம், ஒலி, புகை ஆகிய மூன்றைக் கொண்டே இதைக் கணித்தார்கள். எழுத்தாளர் ஆர். கே. நாராயண் தன் தாயார் கொட்டைகளைக் கூர்ந்து பார்த்துத் தேர்ந்ததையும், வறுக்கும்போது எழும் புகையைக் கொண்டே பதம் அறிந்ததையும் ஒரு கட்டுரையில் பதிவுசெய்துள்ளார்.

இந்தத் திறமை பெரும்பாலும் பெண்களுடையது. காப்பியின் பெருமை குடும்பத்தின் பெயரில் சேர்ந்தது. விடியலுக்கு முன் எழுந்து அடுப்பு மூட்டி, அரைத்து, வடித்த உழைப்பு பெயரின்றி நின்றது. காப்பி சரியில்லை என்ற குறை மட்டும் உரியவரைத் தவறாமல் சென்று சேர்ந்தது.

துணியிலிருந்து ஃபில்டர்

தொடக்கத்தில் கொதிக்கும் நீரில் பொடியைப் போட்டு, சற்றுத் தெளியவிட்டு, துணியில் வடிகட்டினார்கள். பின்னர் இரண்டு அடுக்கு ஃபில்டர் வழக்கத்துக்கு வந்தது. முதலில் பித்தளை, பிறகு எவர்சில்வர். மேல் பாத்திரத்தின் அடியில் நுண்ணிய துளைகள் இருக்கும். அதில் பொடியை இட்டு, காம்புள்ள தட்டால் மெல்ல அழுத்தி, கொதித்த நீரை ஊற்றி மூடிவைப்பார்கள். நீர் தன் எடையாலேயே பொடியின் ஊடாக இறங்கிக் கீழ்ப் பாத்திரத்தில் சொட்டும். காகிதம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

மெதுவாகச் சொட்டுவதால் அடர்த்தியான டிகாக்‌ஷன் கிடைக்கிறது. நிறையப் பாலில் சிறிதளவு கலந்தாலும் சுவை நிற்கிறது. பொடி மிக நைசாக இருந்தால் துளை அடைக்கும். கொரகொரப்பாக இருந்தால் நீர் விரைந்து இறங்கி டிகாக்‌ஷன் நீர்த்துவிடும். தட்டை அழுத்தும் விதமும் முக்கியம். முதல் டிகாக்‌ஷன் விருந்தினருக்கும் வீட்டு ஆண்களுக்கும், அதே பொடியில் மீண்டும் நீரூற்றி எடுத்த இரண்டாம் டிகாக்‌ஷன் மற்றவர்களுக்கும் என்ற வரிசை பல வீடுகளில் இருந்தது.

கும்பகோணம் டிகிரி காப்பியின் பெயருக்குப் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. பாலின் தூய்மையை அளக்கும் கருவி காட்டும் ‘டிகிரி’யிலிருந்து வந்தது என்பது ஒன்று. சிக்கரி என்ற சொல்லின் திரிபு என்பது மற்றொன்று. தண்ணீர் கலக்காத பாலே அந்தக் காப்பியின் சிறப்பு என்பதை முதல் விளக்கம் காட்டுகிறது.

சிக்கரி

சிக்கரி ஒரு செடியின் கிழங்கு. உலர்த்தி வறுத்து அரைத்தால் கரும்பழுப்பு நிறமும் இனிப்புக் கலந்த கசப்பும் தரும். காஃபீன் கிடையாது. நெப்போலியன் காலத்தில் கடல்வழி வணிகம் தடைப்பட்டபோது பிரான்சில் காப்பிக்கு மாற்றாகப் பெருமளவில் பரவியது. இந்தியாவில் குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளைகிறது.

காப்பியைவிட விலை குறைவு என்பதால் சிக்கரி கலப்படமாகக் கருதப்பட்டது. ஆனால் வறுத்த சிக்கரி நீரில் மிகுதியாகக் கரைந்து டிகாக்‌ஷனுக்கு நிறத்தையும் கொழகொழப்பையும் தருகிறது. நீர் இறங்கும் வேகத்தையும் குறைக்கிறது. ஃபில்டருக்கும் பாலுக்கும் அது பொருந்திப்போயிற்று. சிக்கனத்துக்காகச் சேர்த்தது ஒரு தலைமுறைக்குள் சுவையாகவே மாறியது.

இந்திய உணவுச் சட்டம் காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்றும், விகிதத்தை உறையில் அச்சிட வேண்டும் என்றும் கூறுகிறது. அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். உறையின் சிறிய எழுத்தைப் படிக்காதவர் ஏறக்குறைய பாதிக் கிழங்குப்பொடியைக் காப்பியின் பெயரால் வாங்கக்கூடும். சிக்கரி நல்லதா கெட்டதா என்ற பழைய விவாதத்தைவிட, எவ்வளவு என்று தெரிந்து வாங்குகிறோமா என்பதே முக்கியமான கேள்வி.

காப்பி வாரியமும் மறைந்த தோட்டப் பெயர்களும்

1930களின் பொருளாதார மந்தத்தில் காப்பி விலை சரிந்தது. உள்நாட்டு நுகர்வைப் பெருக்க 1935ல் காப்பித் தீர்வைக் குழு அமைந்தது. அதன் முயற்சியில் 1936ல் பம்பாயில் முதல் இந்தியா காபி ஹவுஸ் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர் ஐரோப்பியச் சந்தையை மூடியதும், 1942ல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் காப்பி வாரியம் விற்பனையைத் தன் கையில் எடுத்தது. விவசாயிகள் தம் காப்பியை வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். வாரியம் அதைத் தரவாரியாகப் பிரித்து, ஏற்றுமதிக்கும் உள்நாட்டுக்கும் தனித்தனி ஏலங்களில் விற்றது.

இம்முறை சிறு விவசாயிகளுக்குப் பாதுகாப்பளித்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. எல்லாத் தோட்டக் காப்பியும் ஒன்றாகக் கலந்ததால் கொட்டை எந்த மலையில், எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பது வாங்குபவருக்குத் தெரியாமல் போயிற்று. எஞ்சியவை பிளாண்டேஷன் ஏ, பீபெரி, செர்ரி என்ற தரப்பெயர்கள் மட்டுமே. தமிழ்நாட்டுக் காப்பிப் பிரியர் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் கொட்டையின் தரத்தைச் சொல்லிக் கேட்பதற்கு இந்த ஐம்பதாண்டு ஏற்பாடு முக்கியக் காரணம்.

இதே காலத்தில் வறுவல் வீட்டைவிட்டுக் கடைக்குப் போயிற்று. தெருமுனைக் காப்பிப்பொடிக் கடையில் மின் இயந்திரம் வந்தது. வாடிக்கையாளர் தன் விகிதத்தைச் சொல்ல, கடைக்காரர் கண்முன்னே அரைத்துச் சூட்டோடு பொட்டலம் கட்டிக்கொடுத்தார். வறுக்கும் வேலை போனாலும் தேர்வு செய்யும் உரிமை வாடிக்கையாளரிடம் இருந்தது. லியோ, நரசுஸ் போன்ற நிறுவனங்களின் ஆயத்தப் பொடிகள் அந்தத் தேர்வையும் எளிதாக்கிச் சுருக்கின. நெஸ்லே 1938ல் சுவிட்சர்லாந்தில் அறிமுகப்படுத்திய உடனடிக் காப்பியும், பிற்பாடு இந்தியாவில் வந்த ப்ரூ போன்றவையும் ஃபில்டரையே தேவையற்றதாக்கின.

1990களுக்குப் பின்

1992 முதல் வாரியத்தின் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்தது. 1996ல் எல்லா விவசாயிகளும் தம் காப்பியைத் தாமே விற்கும் உரிமை பெற்றனர். அதன் பலன் வீட்டுக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. இன்று தோட்டத்தின் பெயர், செடியின் ரகம், பதனிட்ட முறை, வறுத்த தேதி ஆகியவற்றை உறையில் அச்சிடும் சிறு வறுவலகங்கள் பெருகியுள்ளன. 1933ல் இத்தாலியில் தோன்றிய மோக்கா பாத்திரம், 2005ல் அமெரிக்காவில் வந்த ஏரோபிரஸ் முதலிய கருவிகள் நகரத்து வீடுகளில் ஃபில்டரின் பக்கத்தில் இடம்பெற்றுள்ளன. கையால் சுற்றும் அரைப்பானும் திரும்ப வந்துள்ளது.

இவற்றோடு வந்த இளவறுவல், பால் சேராத கருங்காப்பி ஆகியவை பழைய பிரியர்களுக்குப் புளிப்பாகவும் நீர்த்தும் தோன்றுகின்றன. புதியவர்களுக்கோ சிக்கரிக் காப்பி கொட்டையின் இயல்பான சுவையை மறைப்பதாகப் படுகிறது. இரண்டும் வெவ்வேறு தேவைக்கு அமைந்த முறைகள். இளவறுவலின் மென்மையான மணத்தைப் பால் அமுக்கிவிடும். அடர்ந்த டிகாக்‌ஷன் பாலோடு சேரவே வடிக்கப்படுகிறது.

மதிப்பீடு

வீட்டுக் காப்பியின் வரலாறு, தேர்வு யார் கையில் இருந்தது என்பதன் வரலாறு. வறுவலின் பதம் ஒருகாலத்தில் அடுப்படியில் முடிவானது. பிறகு கடையிலும், பின்னர் ஆலையிலும் முடிவானது. கொட்டையின் பிறப்பிடம் அரைநூற்றாண்டுக் காலம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. இப்போது அந்தத் தகவல் மீண்டும் கிடைக்கிறது. ஆனால் அதற்கான விலையைக் கொடுக்கக்கூடியவர்களுக்கே பெரும்பாலும் கிடைக்கிறது. தெருமுனைக் கடையின் பொடி வாங்குபவருக்கும் பயன்படக்கூடியவை மூன்று: கொட்டையின் வகை, சிக்கரியின் விகிதம், வறுத்த நாள். இந்த மூன்றையும் கேட்டு வாங்கும் வழக்கம் முன்பு பல வீடுகளில் இயல்பாக இருந்தது.