கட்டமைப்பு மாதிரியாக்கம்

பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் சிக்கலில், எது எதைத் தூண்டுகிறது என்று இரண்டிரண்டாகக் கேட்டு, விடைகளைப் படிநிலைப் படமாக வரையும் முறை. இதன் பரவலான வடிவத்தை அமெரிக்க அமைப்பியல் அறிஞர் ஜான் வார்ஃபீல்டு (1925–2009) 1970களில் உருவாக்கினார். இந்தியாவில் மண்டல், தேஷ்முக் இருவரும் 1994இல் உதிரிபாக வழங்குநர்களைத் தேர்ந்தெடுப்பது குறித்த ஆய்வில் இதைக் கையாண்டனர். பெரிய வாகன ஆலைகளைச் சிறு பட்டறைகள் சூழ்ந்திருக்கும் ஓசூருக்கு அது நெருங்கிய பொருள்தான். ஆனால் இம்முறையின் அருமையை அந்த ஊரில் காட்ட ஆலையைவிட ஆறே பொருத்தமானது.

நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, கொடியாளம் அருகே தமிழகத்துக்குள் நுழைந்து ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. மதகு திறந்ததும் நீர் அடிபட்டுக் கலங்கும் இடத்தில் வெண்ணுரை பஞ்சுப் பொதிபோல் எழும்புகிறது, காற்றில் பிய்ந்து வயலில் விழுகிறது, தரைப்பாலத்தையும் மூடிவிடுகிறது.

இதில் ஆறு கூறுகளை எடுத்துக்கொள்வோம்: பெங்களூருவின் வளர்ச்சி, சுத்திகரிக்காத கழிவுநீர், அந்நகரின் பெல்லந்தூர்–வர்த்தூர் ஏரிகளின் சீர்கேடு, ஆற்று மாசு, மதகு நுரை, பாசன நிலத்தின் பாதிப்பு. ஆறு கூறு என்றால் 15 இணைகள். ஒவ்வோர் இணையிலும் முதலாவது இரண்டாவதைத் தூண்டுகிறதா, இரண்டாவது முதலாவதையா, இரண்டும் ஒன்றையொன்றா, தொடர்பே இல்லையா என்று கேட்க வேண்டும். கழிவுநீர் ஏரியைக் கெடுக்கிறது, ஏரி ஆற்றைக் கெடுக்கிறது என்றால், கழிவுநீர் ஆற்றைக் கெடுப்பதும் தானாகப் பெறப்படும். விடைகளை 1, 0 என அட்டவணையில் இட்டுப் பிரித்தால், எதையும் தூண்டாமல் விளைவாக மட்டும் நிற்பவை மேல்தட்டுக்கும் எல்லாவற்றையும் தூண்டுபவை அடித்தட்டுக்கும் போகும்.

நுரை மேல்தட்டில் நிற்கிறது. ஏழாவது கூறாக மழையைச் சேர்த்தால் படம் இன்னும் தெளியும். மழை நீர்வரத்தைக் கூட்டி மதகைத் திறக்க வைக்கிறது. ஆனால் நுரைக்குக் காரணமான சலவைப் பொருளை அது உண்டாக்குவதில்லை. மதகு மூடிய நாளில் நுரை கண்ணுக்குத் தெரிவதில்லை, அதே நீர் இடது, வலது கால்வாய்கள் வழியே சுமார் 8,000 ஏக்கர் பாசனத்துக்குப் போகிறது. நுரையின் மேல் தண்ணீர் பீய்ச்சி அடக்குவது மேல்தட்டைத் துடைக்கும் வேலை மட்டுமே.

முறைக்குக் குறையும் உண்டு. ‘ஆம்’, ‘இல்லை’ என்ற விடைகள் தூண்டுதலின் அளவைச் சொல்லா. படம் பதில் சொல்பவர்களின் அறிவையும் பொறுத்தது. மழையைச் சாக்காக வைத்து ஆற்றின் மேற்பகுதியில் ஆலைக்கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்பது ஓசூர் விவசாயிகளின் நெடுநாள் குற்றச்சாட்டு. மேலே தொகுத்த கூறுகளில் அது இல்லை. அவர்களும் பெங்களூருவின் கழிவுநீர்ப் பொறியாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் அது எட்டாவது கூறாக அட்டவணையில் ஏறும்.