யாருடைய மண்ணில் தோண்டுகிறோம்?

இந்தத் தடவை தோட்ட வேலையைப் பற்றி எழுதப் போகிறேன். "வரலாற்றுக் கட்டுரை என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்குகிறாயே?" என்று கேட்காதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், வரலாறு அந்த மண்ணுக்குள்ளேதான் இருக்கிறது.

இடம் இங்கிலாந்து. அங்கே தோட்டம் இல்லாத வீட்டுக்காரர்கள் ஊராட்சி மன்றத்திடமிருந்து ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்துக் காய்கறி போடுவார்கள். அதற்குப் பெயர் அலாட்மெண்ட். வழக்கமான அளவு 10 ராட், அதாவது சுமார் 250 சதுர மீட்டர்.

இலையுதிர்காலம் வந்தால் அங்கே வேலை குவியும். உருளைக்கிழங்கைத் தோண்டி எடுத்து, வைக்கோலும் மண்ணும் மூடிக் குவித்து வைக்க வேண்டும். கண்ணாடிக் குடிலில் கடைசித் தக்காளிகளைப் பறித்துவிட்டு, குளிர்கால வெளிச்சம் உள்ளே வருவதற்காகக் கண்ணாடியைக் கழுவ வேண்டும். பூண்டு நட வேண்டும். உதிர்ந்த இலைகளைக் கூட்டி மட்க விட வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை, மண்ணைக் கொத்துவது. தொழுவுரத்தைப் போட்டு, மண்ணைப் புரட்டி, பெரிய பெரிய கட்டிகளாகவே விட்டுவிடுவார்கள். ஏன் உடைப்பதில்லை? உடைக்கிற வேலையை உறைபனி பார்த்துக்கொள்ளும்! தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. கட்டிக்குள் இருக்கும் ஈரம் உறைந்து, இளகி, மறுபடி உறைந்து, வசந்தம் வருவதற்குள் களிமண்ணைப் பொலபொலவென்று ஆக்கிவிடும்.

இந்த வேலைகளில் பாதிக்கு மேல் அடுத்த வருஷத்துக்கானவை என்பதைக் கவனித்தீர்களா? இன்றைக்கு முதுகு வலிக்கக் கொத்தினால் பலன் அடுத்த கோடையில்தான் கிடைக்கும். அதுவரை அந்த நிலம் நம் கையில் இருக்குமா? அலாட்மெண்டின் வரலாறே இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய கதைதான்.

பழைய இங்கிலாந்தில் ஏழைகள் மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் பொது நிலங்கள் இருந்தன. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு, சுமார் 68 லட்சம் ஏக்கர் நிலத்தை வேலியடைத்துத் தனியார் உடைமையாக்கியது. கூலிக்காரனுக்கு மிஞ்சியது கூலி மட்டும்தான். 1830-ல் தென் இங்கிலாந்தில் விவசாயக் கூலிகள் கலகம் செய்து கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். அதன் பிறகு நில உடைமையாளர்கள் பலர் கூலிகளுக்குச் சின்னத் துண்டு நிலங்களை வாடகைக்குக் கொடுக்க முன்வந்தார்கள்.

1845-ஆம் ஆண்டில் ஒரு வேடிக்கையான பொருத்தம் உண்டு. கண்ணாடி மீது நூறு வருஷமாக இருந்த வரி அந்த ஆண்டுதான் நீக்கப்பட்டது. வசதியானவர்களின் தோட்டங்களில் கண்ணாடிக் குடில்கள் பெருகின. அதே ஆண்டில் வந்த வேலியடைப்புச் சட்டம், ஏழைகளுக்கும் சிறு தோட்ட நிலம் ஒதுக்கலாம் என்றது. ஆனால் ஆளுக்குக் கால் ஏக்கருக்கு மேல் கூடாது! அப்படி ஒதுக்கியதும் மிகக் கொஞ்சம்தான்.

1908-ல் வந்த சட்டம், மக்கள் கேட்டால் ஊராட்சி மன்றங்கள் அலாட்மெண்ட் தர வேண்டும் என்று கடமையாக்கியது. அடுத்து முதல் உலகப் போர். உணவுக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தபோது, காலி நிலத்தை எல்லாம் எடுத்துப் பயிரிட அரசு அதிகாரம் கொடுத்தது. போர் முடியும்போது சுமார் 15 லட்சம் அலாட்மெண்டுகள் இருந்தன.

போர் முடிந்ததும் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் திருப்பிக் கேட்டார்கள். உரம் போட்டுப் பண்படுத்தியவர் வெளியே போக வேண்டியதுதான்.

இந்தப் பின்னணியில் வந்ததுதான் 1922-ஆம் ஆண்டுச் சட்டம். எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது. வெளியேறச் சொல்லும் அறிவிப்பு ஏப்ரல் 6-க்குள் முடிய வேண்டும், அல்லது செப்டம்பர் 29-லோ அதற்குப் பிறகோ முடிய வேண்டும் என்றது. வாடகை பாக்கி, ஒப்பந்த மீறல் போன்றவை வேறு விஷயம். மற்றபடி பயிர் நிற்கும் கோடையில் பொதுவாக யாரையும் கிளப்ப முடியாது. நிலத்தில் நிற்கும் பயிருக்கும் போட்ட உரத்துக்கும் இழப்பீடு கேட்கவும் வழி செய்தது. யோசித்துப் பாருங்கள், இலையுதிர்காலத்தில் ஒருவர் மண்ணுக்குள் புதைத்த எருவைச் சட்டம் அவருடைய சொத்தாக ஏற்றுக்கொண்டது! ஆறு மாதமாக இருந்த அறிவிப்புக் காலத்தை 1950-ல் பன்னிரண்டு மாதமாக நீட்டினார்கள்.

இடையில் இரண்டாம் உலகப் போர். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியது. அக்டோபரிலேயே விவசாய அமைச்சர் ரெஜினால்ட் டோர்மன் ஸ்மித் வானொலியில் இன்னும் 5 லட்சம் அலாட்மெண்டுகள் வேண்டும் என்று கேட்டார். அக்டோபர் என்பது கொத்தும் பருவம். அப்போது புல்தரையைப் புரட்டிப் போட்டால்தான் வசந்தத்தில் விதைக்க முடியும். லண்டன் கோபுரத்தின் அகழியில்கூடக் காய்கறி விளைந்தது. சுமார் 8,15,000 ஆக இருந்த அலாட்மெண்டுகள் 1943-ல் 14 லட்சம் ஆயின.

போருக்குப் பின் அவற்றில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. இன்று சுமார் 3 லட்சம் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அலாட்மெண்டுக்கென்றே மன்றங்கள் வாங்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் விற்க முடியாது என்று 1925-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. தற்காலிகம் என்று கொடுத்த நிலங்களுக்கு அந்தக் காவல் கிடையாது.

இப்போது பலர் மண்ணைக் கொத்துவதே இல்லை. மட்கிய உரத்தை மேலே பரப்பிவிட்டு மீதியை மண்புழுக்களிடம் விட்டுவிடுகிறார்கள். அதுவும் அடுத்த வருஷத்துக்கான வேலைதான்.

நிலம் சொந்தமில்லாதவர் அடுத்த வருஷத்தை நம்பி உரம் போட வேண்டுமென்றால், மண் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, சட்டமும் நன்றாக இருக்க வேண்டும். இத்தனை தேடிப் படித்த பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்.