கதைக்குள் போனவர்கள்

'பொன்னியின் செல்வன்' 1954-ல் முடிந்தபோது, "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று வாசகர்கள் கல்கியை விடவில்லை. அவரும் முடிவுரையில் ஒருவாறு பதில் சொன்னார். பிற்பாடு விக்கிரமன் அதன் தொடர்ச்சியாக 'நந்திபுரத்து நாயகி' எழுதினார்.

கதையை விட்டு வெளியே வர மனமில்லாத இந்த நேயர்களைப் பாகூர் மூலநாதர் கோயிலுக்கு அழைத்துப் போக எனக்கு ஆசை. அங்கே கல்லில் யார் பெயர் இருக்கிறது தெரியுமோ? கன்னரதேவன்! 949-ல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராஜாதித்தன் மாண்டது இந்த இராஷ்டிரகூட மன்னனோடு நடந்த போரில்தான். கதை தொடங்கும் வீராணம் ஏரியை வெட்டுவித்தவன் அந்த இராஜாதித்தன் என்பார்கள்.

அதே கோயிலில் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டும் உண்டு. சோழர் கை ஓங்கிய பிறகும் பகைவன் பெயரை யாரும் செதுக்கி எறிந்துவிடவில்லை. ஐந்து பாகமும் சோழர் கட்சியிலேயே வாழ்ந்துவிட்டு வந்த நமக்குத்தான் அந்தச் சுவருக்கு முன்னால் கொஞ்சம் சங்கடம்.