தொலைவிலிருந்து ஏவும் பணி

1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இரவு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சார்லி கிளைன் என்னும் மாணவர், மென்லோ பார்க்கிலிருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தின் கணினிக்கு 'லாகின்' என்னும் ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாக அனுப்பினார். 'எல்' சென்றது, 'ஓ' சென்றது, 'ஜி' என்றதும் மறுமுனைக் கணினி செயலிழந்தது. ஏறத்தாழ ஒருமணி நேரத்திற்குப் பின்னரே முயற்சி கைகூடிற்று.

அன்று விசைப்பலகையின்முன் ஒரு மனிதர் இருந்தார். தடை நேர்ந்ததை உணர்ந்து மீண்டும் முயன்றார். மனிதரின்றி ஒரு நிரலே மற்றொரு நிரலை ஏவுமாயின் யாது செய்வது? அவ்வாறு ஏவுதற்குரிய பொதுமுறை ஒன்றை, அதே நிலையத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஒயிட் 1976இல் முன்மொழிந்தார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஆண்ட்ரு பிரெல், புரூஸ் நெல்சன் ஆகிய இருவரும் அக்கருத்துக்குச் செயல்வடிவம் தந்து, 1984இல் கட்டுரையாக வெளியிட்டனர்.

கேட்கும் கணினியைக் 'கிளையன்ட்' என்பர். பணிசெய்து விடையளிப்பது வழங்கி, அஃதாவது 'சர்வர்'. கேட்பதன் வேண்டுகோளைச் சிறியதொரு துணைநிரல் பொதிந்து அனுப்பும். மறுமுனையில் பிறிதொரு துணைநிரல் அதனைப் பிரித்து வழங்கியிடம் சேர்க்கும். விடையும் அவ்வாறே திரும்பும். ஏவிய நிரலுக்கோ, பணி தன் இல்லத்திலேயே நடந்தது போலத் தோன்றும்!

இடர்ப்பாடு எங்கே எழுகிறது எனின், விடை வாராதபோது. வங்கிக் கணக்கொன்றிலிருந்து 100 வெள்ளியை மாற்றுமாறு வேண்டுகோள் செல்கிறது எனக் கொள்வோம். விடை வரவில்லை. வேண்டுகோளே வழியில் தொலைந்ததா? பணம் மாறியபின் விடைமட்டும் தொலைந்ததா? கேட்டவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மீண்டும் அனுப்பினால் 200 வெள்ளி போய்விடலாம். அனுப்பாவிடின் ஒன்றுமே நடவாதிருக்கலாம்.

பிரெலும் நெல்சனும் ஒவ்வோர் அழைப்புக்கும் ஓர் எண் இட்டனர். அவ்வெண் மீண்டும் வரின், வழங்கி அதனைப் பழைய வேண்டுகோளென அறிந்து பணியை இருமுறை செய்யாது. விடை வந்தால் பணி ஒருமுறை நடந்தது உறுதி. வழங்கியே இடையில் வீழ்ந்தாலோ, நடந்ததா இல்லையா என்பதை அம்முறையாலும் சொல்ல இயலாது.

1985இல் சன் நிறுவனம் வெளியிட்ட கோப்புப் பகிர்வு முறை வேறு வழி கண்டது. திரும்பச் செய்தாலும் கேடு விளையாதவாறு பணிகளை அமைக்க முற்பட்டது. ஒரு கோப்பைப் பத்துமுறை படித்தாலும் தவறில்லை அன்றோ? ஆனால் அழிக்கும் பணி பிடிகொடுக்கவில்லை. முதல் விடை தொலைந்து வேண்டுகோள் மீண்டும் சென்றால், வெற்றியாய் முடிந்த பணிக்குக் 'கோப்பு இல்லை' என்னும் பிழைச்செய்தி வரும்.

1994இல் அதே நிறுவனத்தின் ஜிம் வால்டோவும் உடன் ஆய்ந்தோரும், தொலைவிலுள்ளதை அருகிலுள்ளது போலக் காட்டும் முயற்சியே பொருந்தாதென வாதிட்டனர். பிரெல், நெல்சன் கண்ட எளிமையை அவ்வாதம் சிறுமைப்படுத்தவில்லை என்பதே எம் கருத்து. அவ்விருவரும் தம் முறை எதனை உறுதிகூறும், எதனைக் கூறாது என்பதைத் தம் கட்டுரையிலேயே வெளிப்படையாக எழுதியிருந்தனர்.