கட்டளைகளின் வரலாறு

லினக்ஸ் பயன்படுத்தும் நண்பர்களுக்கு ஹிஸ்டரி என்ற கட்டளை தெரிந்திருக்கும். டெர்மினலில் அதை அடித்தால், நாம் முன்பு கொடுத்த கட்டளைகள் எண் போட்டு வரிசையாக வந்து நிற்கும். அந்த ஹிஸ்டரிக்கே ஒரு வரலாறு உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆரம்பத்தில் இப்படி ஒரு வசதி தேவைப்படவே இல்லை. அபிராமபுரத்திலிருந்து அடையாற்றைத் தாண்டிப் போனால் வரும் சென்னை ஐஐடியில் 1973இல் ஐபிஎம் 370/155 கணினி வந்தது. அந்தக் காலத்தில் இத்தகைய பெரிய கணினிகளுக்குத் துளையிட்ட அட்டைகளில்தான் வேலை கொடுப்பார்கள். ஓர் அட்டைக்கு 80 எழுத்துகள். வேலை முடிந்த பிறகும் அட்டைக்கட்டு கையில் இருக்கும். என்ன கொடுத்தோம் என்பதற்கு அதுவே சாட்சி.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் பிறந்தபோது டெலிடைப் இயந்திரங்கள் இருந்தன. நாம் அடித்ததும் கணினி சொன்ன பதிலும் ஒரே காகிதச் சுருளில் அச்சாகும். கிழித்து எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

பிறகு திரைகள் வந்தன. 1978இல் வெளிவந்த விடி100 திரையில் 24 வரிகள்தான். மேலே நகர்ந்த வரி போனது போனதுதான்! காகிதம் தானாகச் செய்த வேலையை இனி மென்பொருள் செய்ய வேண்டியிருந்தது. 1970களின் இறுதியில் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லில் ஹிஸ்டரி வந்தது. அதே பெர்க்லி யூனிக்ஸில் ஸ்கிரிப்ட் என்ற கட்டளையும் வந்தது. இது கட்டளையோடு பதிலையும் சேர்த்துக் கோப்பில் எழுதும். அந்தக் கோப்பின் பெயர் டைப்ஸ்கிரிப்ட். பழைய காகிதத்தின் நினைவு பெயரிலேயே இருக்கிறது.

1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளியான பாஷிலும் ஹிஸ்டரி உண்டு. ஆனால் அதைச் சாட்சியாக நம்ப முடியாது. தனியாகச் சொல்லாவிட்டால் நேரத்தைக் குறிக்காது. கணினியின் பதிலைப் பதியாது. சாதாரணமாக டெர்மினலை மூடும்போதுதான் கோப்பில் எழுதும். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டளை கொடுத்தவரே அந்தக் கோப்பை அழித்துவிடலாம். கட்டளையோடு கடவுச்சொல்லை அடித்திருந்தால் அதுவும் அங்கேயே கிடக்கும்!

பலர் பயன்படுத்தும் சர்வரில் ஒரு கோப்பு காணாமல் போனால், தவறு செய்யாதவர் மீதும் சந்தேகம் வரும். அவரைக் காப்பாற்றுவது அவரே திருத்தக்கூடிய பதிவு அல்ல, வேறொரு கணினியில் சேரும் பதிவு. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, நிறுவனங்கள் தங்கள் கணினிப் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டதும் இப்படிப்பட்ட விசாரணைகளுக்காகத்தான்.

ஹிஸ்டரி நம் ஞாபகத்துக்கு. சாட்சிக்கு அது போதாது. அடுத்த முறை லேபில் முக்கியமான வேலை செய்யும்போது முதலில் ஸ்கிரிப்ட் என்று அடித்துவிட்டுத் தொடங்குங்கள். முடிந்ததும் எக்ஸிட் கொடுங்கள். செய்தது அனைத்தும் பதிலோடு கோப்பில் இருக்கும்.